ஜோடி நாற்காலி

ஸ்கோர் மட்டும் சொல்லிராதீங்க தம்பி. காதுல மாட்டியிருக்கீங்களே, அதைக் கழற்ற வேண்டாம். கேளுங்க, தாராளமாக் கேளுங்க. ஆனா என்கிட்ட சொல்ல வேண்டாம். முகத்துலயும் காட்ட வேண்டாம். ஒரு காதை மட்டும் எனக்குக் குடுங்க, போதும்.

இவ்வளவு பெரிய பஸ்ஸுல நீங்க, நான், டிரைவர், கண்டக்டர். சங்கரன்கோவில்ல இருந்து கோவில்பட்டி போற பஸ் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எந்தக் காலத்துலயாவது இப்படிக் காலியாப் போயிருக்கா? டிக்கெட் கிழிச்சுக் குடுத்தப்ப கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கவனிச்சீங்களா? கிரிக்கெட் ஃபைனல் அன்னைக்கு இந்தாளு பஸ்ல வர்றானே, வீட்டுல ஏதும் சாவான்னு நினைச்சிருப்பார். உங்களுக்கு என்ன, வேலையா? ஆஸ்பத்திரியில நைட் டூட்டியா. அப்ப சரி. உங்களுக்கு வேற வழி இல்லை. எனக்கு வழி இருந்தது. வழியும் இருந்தது, இடமும் இருந்தது. என்னை அனுப்பிட்டாங்க.

சாத்துக்குடி சாப்பிடுங்க. உரிச்சுத் தர்றேன். சீக்காளிக்குன்னு வாங்கினது. சீக்காளி ஒருத்தனும் இல்லைன்னு ஆயிட்டுது. சாப்பிடுங்க, சொல்றேன்.

என் பேர் திரவியம். கோவில்பட்டியில நீங்க ஏதாவது ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தா என் பேர் மேல உக்காந்திருப்பீங்க. பிளாஸ்டிக் நாற்காலி முதுகுல வெள்ளைப் பெயிண்ட்ல எழுதியிருக்குமே, அதுதான். நாற்காலி, டேபிள், ஷாமியானா, அண்டா, குண்டான், சீரியல் பல்பு, ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு. கல்யாணத்துக்கும் நான்தான், கருமாதிக்கும் நான்தான். முன்பக்கம் குடோன், பின்பக்கம் வீடு.

இப்ப ஒண்ணு சொல்றேன், நல்லா யோசிச்சுப் பாருங்க. கவர்மெண்ட் எத்தனை லீவு விட்டாலும் எங்க தெருவுல ஏதோ ஒரு கடை திறந்துதான் இருக்கும். காலண்டர்ல சிவப்பா இருக்கிற அன்னைக்கும் சலூன் திறந்திருக்கும், பிராய்லர் கடை திறந்திருக்கும், தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் பொம்பளைங்க போய்க்கிட்டு இருப்பாங்க. ஃபைனல் அன்னைக்கு லீவுன்னு யாரும் ஒரு ஆர்டரும் போடலை. ஆனாலும் மத்தியானத்துக்கு மேல எங்க தெருவுல நாய் நடுரோட்டுல மல்லாந்து படுத்திருக்கும். ஒரு சைக்கிள் வராது. டாக்டர் கிளினிக்கை மூடிட்டுப் போயிருப்பார். பிள்ளையார் கோயில் ஐயர் சாயங்காலப் பூஜையை மத்தியானமே முடிச்சிட்டு வந்து என் குடோன்ல ரெண்டாவது வரிசையில உக்காந்திருப்பார்.

எங்க ஊர் ஹாக்கி ஊர், தெரியும்ல? தெருவுக்கு ரெண்டு பேராவது மட்டை பிடிச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போனவன் இருப்பான். போட்டி நடந்தா கேலரி கொள்ளாது. ஆனா அதுக்கு எவனும் கடையை அடைச்சிட்டு வர மாட்டான். வேலையை முடிச்சிட்டு வருவான். கிரிக்கெட் ஃபைனலுக்குத்தான் அடைச்சிட்டு வருவான். ஏன்னு என்கிட்ட கேக்காதீங்க.

இது தானா வந்த லீவுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. தானா எதுவும் வராது தம்பி. எங்க தெருவைப் பொறுத்தவரைக்கும் அதைக் கொண்டுவந்தவன் நான். எப்படின்னு கேளுங்க. ஊர்ல ஒரு நிச்சயதார்த்தம், ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு, எது நடக்கணும்னாலும் நாற்காலி வேணும். நாற்காலி யார்கிட்ட இருக்கு? ஃபைனல் தேதி தெரிஞ்ச உடனே நான் காலண்டர்ல ஒரு வட்டம் போட்டிருவேன். அந்தத் தேதிக்கு எவன் வந்து கேட்டாலும், ‘நாற்காலி இல்லையே, எல்லாம் வெளியூர் போகுதே’ன்னு சொல்லிருவேன். போன மாசம் ஒரு பொண்ணு வீட்டுக்காரர் வந்து கெஞ்சினார், ஐயர் குறிச்சுக் குடுத்த முகூர்த்தம், மாத்த முடியாதுன்னு. ஐயரே அன்னைக்கு என் குடோன்ல இருப்பாருன்னு நான் சொல்லலை. நாற்காலி இல்லைன்னேன். மாத்திக்கிட்டாங்க. விசேஷம் இல்லைன்னா பூக்கடை இல்லை, சமையல் ஆள் இல்லை, வேன் இல்லை, மேளக்காரங்க இல்லை. அவ்வளவு பேரும் சும்மா இருப்பாங்க. சும்மா இருக்கிறவங்க எங்க வருவாங்க? என் குடோனுக்குத்தான். இப்படி வந்ததுதான் அந்த லீவு.

அந்த லீவுல என்னை வெளியே அனுப்பிட்டாங்க.

குடோனை நான் எப்படி வச்சிருப்பேன்னு சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். முன்னால பெரிய டிவி. அதுக்கு நேரா நடுவுல ரெண்டு நாற்காலி. சாதா நாற்காலி இல்லை. ரிசப்ஷன் மேடையில பொண்ணு மாப்பிள்ளை உக்காருவாங்களே, சிவப்பு வெல்வெட்டு, கைப்பிடியில சிங்க முகம், அந்த ஜோடி நாற்காலி. அன்னைக்கு அது எங்கயும் வாடகைக்குப் போகாது. மாப்பிள்ளை நாற்காலியில நான் உக்காருவேன். பக்கத்துல உள்ளது காலியா இருக்கும். ஜோடியைப் பிரிக்கக் கூடாது, அதனால ரெண்டையும் போடணும். ஆனா அதுல ஆள் உக்காரக் கூடாது. ஒரு தடவை முஸ்தபா தெரியாம உக்காந்துட்டான், அடுத்தடுத்து ரெண்டு விக்கெட். அன்னைக்கோட சரி.

முஸ்தபா பிராய்லர் கடைக்காரன். நல்ல பையன். பையன்னா, அவனுக்கே பேரன் இருக்கான். ஒரு மேட்ச்ல அவன் பாத்ரூமுக்குப் போன நேரம் சிக்ஸர். நான் சும்மா இருப்பேனா? ‘அங்கேயே இருடா’ன்னு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். உள்ளேயிருந்து ‘அண்ணாச்சி, என்ன ஆச்சு, அண்ணாச்சி, எவ்வளவு வேணும்’னு கேட்டுக்கிட்டே இருந்தான். ஜெயிச்சோம். திறந்து விட்டதும் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான். சந்தோஷத்துல.

அப்புறம் ஜெபராஜ் சார். பாங்க்ல இருந்து ரிடையர் ஆனவர், எனக்கு அடுத்த வீடு. அவர் தூணைத் தொட்டுக்கிட்டு நிக்கணும். அவர் உக்காந்தா நம்ம ஆளுங்களுக்குக் கை ஓடாது. மூட்டுவலிம்பார். ‘சார், நாட்டுக்காக’ன்னுவேன். நிப்பார். இந்த விஷயத்துல நான் ரொம்பக் கறார், ஆனா எல்லாருக்கும் சேர்த்துத்தானே? நான் மட்டும் ஜெயிக்கிறேனா? யாருக்கு எந்த இடம், யார் எப்ப திரும்பிப் பாக்கலாம், யார் கைதட்டலாம், எல்லாம் எனக்கு மனப்பாடம். பந்து வர்றதுக்கு முன்னால என்ன நடக்கப் போகுதுன்னு நானே சொல்லிருவேன். கமெண்டரியே தேவையில்லை. சில சமயம் சத்தத்தைக் குறைச்சிட்டு நானே சொல்லுவேன். அமைதியாக் கேப்பாங்க.

எங்க வீட்டுல உள்ளவ பேர் செண்பகவல்லி. அவளுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது. கல்யாணமான புதுசுல ஒரு நாள் எனக்குக் காப்பி கொண்டுவந்தவ அப்படியே நின்னு டிவியைப் பாத்தா. விக்கெட் போயிட்டுது. நான் ஒண்ணும் சத்தம் போடலை. ‘நீ சமையல்கட்டுலயே இரும்மா, உனக்கு எதுக்கு இந்தக் கூட்டத்துல’ன்னேன். சரின்னுட்டா. அன்னைல இருந்து ஃபைனல்னா அவ சமையல்கட்டை விட்டு வெளியே வர மாட்டா. தெருவுக்கே சாப்பாடு. அவ்வளவையும் அவதான் பாத்துக்குவா. குடோனுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல ஒரே சுவர், மேல ஒரு வெண்டிலேட்டர். எல்லாச் சத்தமும் கேக்கும். அதுக்கு மேல அவளுக்கு என்ன வேணும்?

ஒரு தடவை, சொன்னா சிரிப்பீங்க, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், ரசம் ஊத்திக்கிட்டே சொல்றா, ‘இடது கைக்காரன் நிக்கும்போது அந்தச் சுழல் பந்துக்காரனுக்கு எதுக்கு ஓவர் குடுத்தாங்க?’ங்கறா. எனக்குப் புரையேறிட்டுது. யாரோ பேசினது வெண்டிலேட்டர் வழியாக் காதுல விழுந்திருக்கும், அப்படியே ஒப்பிக்கிறா. ‘உப்புப் போட்டியா பாரு’ன்னேன்.

என்ன தம்பி, சிரிக்கிறீங்க? இதுக்கா, இல்லை அதுக்கா? முகத்துல காட்டாதீங்கன்னேன்ல. சரி, சரி. நல்லாப் போகுதுன்னு தெரியுது. போகட்டும்.

போன ஃபைனல்ல தோத்தோம், ஞாபகம் இருக்கா? எப்படித் தோத்தோம்னு பேப்பர்ல என்னென்னமோ எழுதினான். பிச்சுங்கறான், டாஸுங்கறான். நடந்தது என்னன்னு எனக்குத் தெரியும். நம்ம ஆளுங்க ரெண்டு பேர் நல்லா நிலைச்சு ஆடிக்கிட்டு இருக்காங்க. அந்த நேரம் பார்த்து வாசல்ல ரெண்டு பேர். மேலத்தெருவுல ஒரு பெரியவர் தவறிட்டாராம், ஐஸ் பெட்டி வேணுமாம். நான் எழுந்திரிக்க முடியுமா? ‘ஓவர் முடியட்டும்’னேன். ஓவர் முடிஞ்சுது, ‘அடுத்ததும் முடியட்டும்’னேன். அதுல என்ன தப்பு? அந்தப் பெரியவர் எங்க போகப் போறார்? ரெண்டு பேரும் வாசல்லயே நின்னாங்க, அதுல ஒருத்தன் அவர் மகன் போல, டிவியைப் பாக்காம தரையையே பாத்துக்கிட்டு நின்னான். அதுகூட எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் பாத்தா என்ன?

அப்ப அவ வந்தா. செண்பகவல்லி. சமையல்கட்டுல இருந்து, கையைச் சேலையில துடைச்சுக்கிட்டே, நடு குடோன் வழியா, எல்லாரையும் தாண்டி, டிவிக்கும் எனக்கும் குறுக்க. ஆணியில மாட்டியிருந்த சாவியை எடுத்தா, அவங்களைக் கூட்டிக்கிட்டுப் பின்னால போனா, பெட்டியைத் தூக்கிவிட்டா, நாற்காலியும் குடுத்தனுப்பினா. அவ வாசலைத் தாண்டுறா, இங்க விக்கெட். அதுக்கப்புறம் ஒருத்தனும் நிக்கலை. தோத்தாச்சு.

நான் அவளைத் திட்டலை தம்பி. நல்லாக் கேட்டுக்கோங்க, திட்டலை. உள்ளதைத்தான் சொன்னேன். எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன், ஒளிவுமறைவு என்ன? ‘இந்தத் தோல்வி யாராலன்னு தெரியுதா? இவ வாசல் தாண்டினதுதான்’னேன். ஜெபராஜ் சார் தூணை விட்டுட்டு உக்காந்துட்டார். முஸ்தபா தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தோத்த வருத்தம். அவ உள்ளே போனா. மீந்த சோத்தை எல்லாருக்கும் கட்டிக் குடுத்தா. மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்கும் அவளே போயிட்டு வந்தா. அதோட அது முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவ கிரிக்கெட் பத்தி வாயைத் திறந்ததே கிடையாது. நான் சொன்னேன்ல, அவளுக்குப் பிடிக்காது.

இப்ப இன்னைக்குக் காலையில நடந்ததுக்கு வர்றேன்.

நாற்காலி போட்டுக்கிட்டு இருக்கேன். வெல்வெட்டைத் தட்டி, ஜோடியை நடுவுல வச்சு, தூணுக்குப் பக்கத்துல ஜெபராஜ் சார் நிக்கிற இடத்துல சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டாச்சு. அவ போனை எடுத்துக்கிட்டு வர்றா. ‘தம்பிக்கு நெஞ்சு வலிக்குதாம். உங்களைத்தான் பாக்கணும்ங்கறான்.’ தம்பின்னா அவ தம்பி, கோமதிநாயகம், சங்கரன்கோவில்ல இருக்கான்.

‘ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு’ன்னேன்.

‘அத்தான் வந்தாத்தான் போவேன்ங்கறான்.’

‘நீயும் வா.’

‘இத்தனை பேருக்கு உலை வச்சாச்சு. நான் எப்படி வர்றது? நீங்க போய்ப் பாத்துட்டுப் போன் பண்ணுங்க.’

அங்கதான் தம்பி எனக்குத் தோணியிருக்கணும். சொந்தத் தம்பிக்கு நெஞ்சுவலின்னா எந்த அக்கா உலையைப் பாத்துக்கிட்டு நிப்பா? அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓட மாட்டாளா? தோணலை. ஏன்னா அவ பொய் சொல்லி நான் பாத்ததே இல்லை.

நான் தயங்கினேன். உண்மையைச் சொல்றேன், தயங்கினேன். ஜெபராஜ் சார் வந்து தோள்ல கை வைக்கிறார். ‘உசிரு முக்கியம் அண்ணாச்சி. மேட்ச் அடுத்து ஒண்ணு வரும்.’ உசிரு முக்கியம்னு என்கிட்ட சொல்றார், என்னமோ எனக்குத் தெரியாத மாதிரி. திரும்பிப் பாத்தா முஸ்தபா பைக்கை ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். நான் இன்னும் சட்டையே மாத்தலை.

பஸ் ஸ்டாண்டுல பஸ் காலி. காலி பஸ்ஸுல முஸ்தபா முன்னாடியே ஓடிப்போய் எனக்கு ஜன்னல் ஓரமாத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறான். தண்ணி பாட்டில் வாங்கிக் குடுக்கிறான், பிஸ்கட் வாங்கிக் குடுக்கிறான். ஜெபராஜ் சார் அந்த மூட்டுவலியோட பின்னாலயே ஸ்கூட்டர்ல வந்து, பஸ் கிளம்புற வரைக்கும் நின்னு கையை ஆட்டுறார். கல்யாணமாகிப் போற பொண்ணைக்கூட எங்க தெருவுல அப்படி வழியனுப்பினது கிடையாது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுது தம்பி. எப்படிப்பட்ட ஆளுங்கன்னு நினைச்சேன். ஜன்னல் வழியாச் சொன்னேன், ‘என் நாற்காலியில யாரும் உக்காரக் கூடாது, நீங்க தூணை விட்டு நகரக் கூடாது’ன்னு. ‘நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க அண்ணாச்சி, நாங்க பாத்துக்கிறோம்’னார்.

சங்கரன்கோவில்ல இறங்கி இந்தச் சாத்துக்குடியை வாங்கிக்கிட்டு அரக்கப்பரக்கப் போறேன். உள்ளே நுழைஞ்சா, டிவிக்கு முன்னால கால் மேல கால் போட்டு உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கான். வாய் நிறைய முறுக்கு. என்னைப் பாத்ததும் எழுந்திரிச்சிட்டான்.

‘நெஞ்சு எப்படி இருக்கு மாப்ளே?’ன்னேன்.

‘எந்த நெஞ்சு?’ங்கறான்.

எந்த நெஞ்சுன்னு கேக்கிறான் தம்பி.

அவன் சம்சாரம் உலகம்மா, அவதான் விவரமானவ, உள்ளேயிருந்து ஓடிவந்தா. ‘வாயுப் பிடிப்புண்ணே. சுக்குத் தண்ணி குடுத்தேன், இப்பத்தான் கேட்டுது. நீங்க உக்காருங்கண்ணே, சாப்பிட்டுட்டு இங்கயே மேட்ச் பாருங்க.’ சரி, வாயுவும் நெஞ்சைப் பிடிக்கும், அனுபவம் உண்டுன்னு நம்பினேன். அடுத்த பஸ்ஸுல திரும்பினாலும் தொடக்கத்தைப் பிடிக்க முடியாது. உக்காந்தேன்.

மேட்ச் ஆரம்பிச்சுது. எதிர் டீம்காரன் முதல் ஓவர்லயே வெளுக்கிறான். அந்த வீட்டுல ஒரு ஒழுங்கும் கிடையாது. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு உக்காந்திருக்காங்க, எழுந்து போறாங்க, வர்றாங்க. நான் சும்மா இருக்க முடியுமா? கோமதிநாயகத்தைத் தரையில உக்காரச் சொன்னேன். பக்கத்து வீட்டுலேர்ந்து வந்திருந்தவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்கார வச்சேன். அவங்க ஆட்டம் முடியப் போற நேரம் உலகம்மா மோர் கொண்டுவந்து வாசப்படியில நின்னா, எதிர் டீம் விக்கெட் விழுந்துட்டுது. ‘அப்படியே நில்லும்மா, நகராதே’ன்னேன். நின்னா. கையில செம்போட ரெண்டு ஓவர் நின்னிருப்பா. அப்புறம் செம்பை டொக்குன்னு கீழ வச்சா. ‘இங்கயும் ஆரம்பிச்சாச்சா’ன்னு புருஷனைப் பாத்துச் சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

இங்கயும்னா? நான் கோமதிநாயகத்தைப் பாத்தேன். அவன் டிவியைப் பாத்தான். ‘மாப்ளே, உனக்கு நெஞ்சு வலிச்சுதா வலிக்கலையா?’ன்னேன். டிவி சத்தத்தைக் குறைச்சான். அப்புறம் சொன்னான்.

‘கோவப்படாதீங்க அத்தான். ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச் நிம்மதியாப் பாக்கணும்னு அக்கா ஆசைப்பட்டுது. எல்லாரும் சேர்ந்துதான்...’ அதோட நிறுத்திட்டான்.

அந்த வார்த்தையைக் கவனிச்சீங்களா? நிம்மதியா. நிம்மதின்னா என்ன அர்த்தம்? நான் இருந்தா தோத்துப்போகும், நான் இல்லைன்னா பயமில்லைன்னுதானே? என் ராசி சரியில்லைன்னு முடிவு கட்டிட்டாங்க. இத்தனை வருஷமா யார் எங்க உக்காரணும், யார் எங்க நிக்கணும்னு ராசி பாத்துப் பாத்து வச்சவன் நான். எனக்கே ராசி பாத்துட்டாங்க. அக்கா ஆசைப்பட்டுதாம். அவளுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காதுன்னு ஊருக்கே தெரியும். அவளை முன்னால நிறுத்திட்டு இவங்க போட்ட திட்டம் இது. அவளும் சேர்ந்துக்கிட்டா பாருங்க, அதுதான் எனக்கு ஆறலை.

என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே. ‘அண்ணாச்சி, உங்க ராசி சரியில்லை, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க’ன்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனா? தாழ்ப்பாள் போட்டிருந்தாக்கூட உள்ளே இருந்திருப்பேன். முஸ்தபா இருக்கலையா? நாட்டுக்காக நான் இதைக்கூடச் செய்ய மாட்டேனா? நெஞ்சுவலின்னு சொல்லி, துண்டு போட்டு, பிஸ்கட் வாங்கிக் குடுத்து, கையை ஆட்டி. இப்ப என் பேர் எழுதின நாற்காலி அத்தனையிலும் ஆள் உக்காந்திருக்கு. நான் இந்த பஸ்ல உக்காந்திருக்கேன். அதான், மாப்ளே வீட்டுலேர்ந்து எழுந்து சாத்துக்குடியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். ‘அத்தான், அதையாவது வச்சிட்டுப் போங்க’ன்னான். வைக்கலை.

நேராப் போய் குடோன் வாசல்ல நிக்கப் போறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். நிப்பேன். அவங்க முகத்தைப் பாக்கணும்.

இருங்க, அதுக்கு முன்னால ஒரு போன் போட்டுப் பாக்கிறேன். பஸ் இரைச்சல்ல எனக்குச் சரியாக் கேக்காது, ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்களே கேளுங்க, எப்படிப் பேசுறாங்கன்னு.

‘ஜெபராஜ் சார், நான்தான்.’

‘அண்ணாச்சி. சொல்லுங்க அண்ணாச்சி. மச்சானுக்கு எப்படி இருக்கு?’

‘பரவாயில்லை சார். எழுந்து உக்காந்திருக்கான்.’

‘அப்பாடா. நீங்க ஒண்ணும் அவசரப்பட்டுக் கிளம்பாதீங்க. இருந்து பாத்துட்டுக் காலையில வாங்க.’

‘நீங்க தூணுக்குப் பக்கத்துலதானே நிக்கிறீங்க?’

‘ஆமா அண்ணாச்சி. ஆமா. நிக்கிறேன்.’

‘என் நாற்காலியில யாரும் உக்காரலையே?’

‘சேச்சே. அது காலியாத்தான் இருக்கு. உங்க நாற்காலியை யாரும் தொடலை. பக்கத்து நாற்காலியிலதான்...’

‘சார், போனை வச்சிட்டு வந்து உக்காருங்க. சுழல் பந்துக்காரன் வர்றான், இவன் ஒரு அடி இறங்கி வந்து அடிச்சா நேர் பவுண்டரிதான், பாருங்க... நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?’

‘அண்ணாச்சி, இங்க சரியாக் கேக்கலை, அப்புறம் பேசுறேன்.’

கட் பண்ணிட்டார்.

கேட்டீங்களா தம்பி? நடுவுல புகுந்து சாரை உக்காரச் சொன்ன அந்தப் பொம்பளைக் குரல் யாரு? நம்ம ஊர்ப் பேச்சுத்தான். பவுண்டரிங்குது. சொன்ன மாதிரியே அடிச்சிட்டான் போல, அத்தனை பேரும் கத்துறாங்க, அதுக்கு மேல ஒரு சிரிப்பு. அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டுதே, அந்தச் சிரிப்பைச் சொல்றேன். எங்க தெருவுல கிரிக்கெட் தெரிஞ்ச பொம்பளை ஒருத்தியும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரியாதா?

பக்கத்து நாற்காலியில உக்கார்றதுக்கு யாருக்குத் துணிச்சல் வரும்?

இல்லை, ஒண்ணுமில்லை. நீங்க சாப்பிடுங்க.

எங்க கல்யாண ரிசப்ஷனுக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி நாற்காலிதான். வாடகைக்கு எடுத்தது. அப்ப நான் இன்னும் தொழில் ஆரம்பிக்கலை. அதுல உக்காந்து எடுத்த போட்டோ வீட்டு நடையில மாட்டியிருக்கு. அதுல அவ நல்லா வாய் விட்டுச் சிரிச்சிருப்பா. போட்டோக்காரன் என்ன சொன்னானோ. சிரிப்புத் தெரியும், சத்தம் தெரியாது. போட்டோதானே.

கண்டக்டர் தம்பி, அடுத்து என்ன, கழுகுமலையா? நான் இறங்கிக்கிறேன். டிக்கெட் கோவில்பட்டிக்குத்தான் எடுத்தேன், இருக்கட்டும். இங்கேயே இறங்கிக்கிறேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கிறீங்க? பவுண்டரி அடிக்கிற நேரத்துல நான் போய் வாசல்ல நின்னா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. நான் கிளம்பினதுலேர்ந்து நல்லாப் போகுதுன்னு உங்க மூஞ்சியிலயே தெரியுது. நான் நிக்கிறேன், அங்க விக்கெட் போகுது, அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. தோத்துப்போனா யாராலன்னு கேப்பாங்க. எல்லாரும் இருக்கும்போதே கேப்பாங்க. என்னால அது முடியாது. முடிஞ்ச பிறகு போய்க்கிறேன். பஸ் ஸ்டாண்டுல கடை ஏதும் திறந்திருக்காது, பரவாயில்லை, பெஞ்சு இருக்கும்.

இந்தப் பையை நீங்க வச்சுக்கோங்க. ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க, யாருக்காவது குடுங்க. இன்னொண்ணு. நீங்க சாஞ்சு உக்காந்ததுலேர்ந்துதான் நல்லா ஆடிக்கிட்டு இருக்கானுங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். கோவில்பட்டி வர்ற வரைக்கும் அப்படியே சாஞ்சே இருங்க. அந்த ஜன்னலைத் தொடாதீங்க.

இறங்கிட்டேன், இறங்கிட்டேன். ஒரு நிமிஷம் கண்டக்டர்.

தம்பி, ஜன்னலைத் தொடாம அங்கேயிருந்தே சொல்லுங்க. ஸ்கோர் என்ன?

வேண்டாம். சொல்லாதீங்க. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கிறேன். அங்க யார்கிட்ட கேக்கிறதுன்னுதான் தெரியலை.